மாலதி மேலே போகவில்லை

போன சனிக்கிழமை பெஹாலாவில் நண்பர் வீட்டு நிச்சயதார்த்தம். கிளம்பி அலிப்பூர் வந்திருப்போம், மாலதிக்கு போன். பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே வயதான தம்பதி.

அப்புறமென்ன... காரைத் திருப்பினேன்.

என் மனைவி லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். துர்கா பூஜைக்கு முன்னால் அவளை சர்வீஸ் மேனேஜர் ஆக்கினார்கள். போயிற்று நிம்மதி. எங்கே லிஃப்ட் நின்றாலும் இவளே ஓடுவாள். டெக்னீஷியன் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி இவளே முடுக்குவாள். வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் டீம்? மேடம் வந்து பார்த்துக்கொள்வார் என்று கைகட்டி நிற்கத் தொடங்கியது. சீனியர் டெக்னீஷியன் சுபங்கர் வேறு வேலை தேடுவதாகவே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் தீதியே, அதாவது அக்காவே, செய்தால் நான் எதற்கு என்று அவர் கேட்டது நியாயம்தானே?

நாங்கள் போனபோது அதே சுபங்கர் மாடிப்படி அருகே மாட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் கூட்டம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பெங்காலியிலும் இங்கிலீஷிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார் — மனிதரை நகரவே விடவில்லை.

மாலதி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள். மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஓடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். முதல் படியில் கால் வைத்தவள், நின்றாள். சுபங்கரை அண்ணன் முறையில் தாதா என்றழைத்துப் பெங்காலியில் சொன்னாள்:

"நீங்க மேல போங்க தாதா. கீழ நான் பார்த்துக்கறேன்."

அவர் ஒரு கணம் நம்பாமல் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று ஏறினார்.

செயலாளரிடம், எதுவானாலும் என்னைத் திட்டுங்கள், பொறுப்பு என்னுடையது என்றாள். அவர் திட்டினார். கேட்டுக்கொண்டாள். அப்புறம் லிஃப்ட் கதவில் காதை வைத்து, உள்ளே அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். இன்றைக்கு என்ன சமையல் என்றாள். இலிஷ் மீன் குழம்பாம். கடுகோடு பச்சைமிளகாயை அரைப்பதா, கீறிப் போடுவதா என்று உள்ளேயே கணவனும் மனைவியும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். சண்டை போடுகிறவர்களுக்குப் பயப்பட ஏது நேரம்?

ஆனால் மாலதியின் கண் அடிக்கடி மேலே போனது. நானாயிருந்தால் இந்நேரம் முடித்திருப்பேன் என்று முகத்தில் எழுதியிருந்தது. போகவில்லை.

லிஃப்ட் மெதுவாக அசைந்தது. தளத்துக்கு நேராக வந்து நின்றது. கதவு திறந்ததும் அந்த அம்மா மாலதியைக் கட்டிக்கொண்டார். மாலதியோ, இறங்கிவந்த சுபங்கரைக் காட்டி, நன்றியை அவருக்குச் சொல்லுங்கள் என்றாள்.

செயலாளரே டீ வரவழைத்தார். குடித்துக்கொண்டே சுபங்கர், இன்னொரு கட்டடத்தில் மோட்டார் மாற்ற வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் அதை நானே எடுத்துச் செய்கிறேன் தீதி என்றார். வேறு வேலை பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு வேலையைப் பிரமாதமாகச் செய்கிறவரைத்தான் மேனேஜர் ஆக்குகிறார்கள். ஆக்கியபின், அந்த வேலையை மட்டும் செய்யாதே என்கிறார்கள். எவ்வளவு பெரிய தண்டனை?

காரில் ஏறியதும் மாலதி அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கு நீ ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லையே, என்ன களைப்பு என்றேன்.

"தொடாம இருந்ததுலதாங்க இவ்ளோ களைப்பு."