ஒரு ஸ்டாப் முன்னால்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த சமயம். திருப்போரூரில் குடியிருந்தபடி அவற்றில் ஒன்றில் வேலை பார்த்தேன். சர்க்கரை வியாதி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கம்பெனி பஸ் கேளம்பாக்கம் தாண்டியதுமே எனக்கு எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னால், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் பொரித்த கோழித்தொடை ஒன்று, கடித்த இடத்தில் ஆவி பறக்க. அதே இடத்தில் முன்பு மனை விற்கிறவர்களின் பலகை இருந்தது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. இந்தக் கோழி என்னை விடவில்லை.

மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்களில் அது இன்னும் பெரிதாகத் தெரியும். அப்படி ஒருநாள் அங்கேயே இறங்கிவிட்டேன். பலகைக்கு நேர் கீழே கடை, வேறெங்கே வைப்பான்? இரண்டு துண்டு வாங்கினேன். தின்கிறபோது மனசு லேசாக இருந்தது. கை கழுவும்போதே பழையபடி கனத்துவிட்டது, கூடவே என்மேல் எனக்கே அருவருப்பு. மறுநாளும் இறங்கினேன்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு டிரைவர் கேட்டார். “இன்னா சார், உன் வூடு அடுத்த ஸ்டாப்புல கீது. நீ இன்னா டெய்லி இங்க எறங்கிகினு கீற?”

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருப்பா” என்றேன். பொய் அவ்வளவு சுளுவாக வந்தது. அதையே மனைவியிடமும் சொன்னேன்.

அவள் பூரித்துப்போனாள். நடந்து வருகிறவனுக்குக் கால் வலிக்குமே என்று தினமும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வெட்கமில்லாமல் அதில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் எண்ணெய் தொடாத சப்பாத்தி இரண்டு, கொஞ்சம் கீரை. எனக்கு மட்டும் சோற்றை நிறுத்தினால் ஏங்கிப்போவேன் என்று தானும் சோற்றை விட்டுவிட்டாள். அச்சரப்பாக்கம் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து, கேளம்பாக்கத்தில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவளிடம்தான் எரிந்து விழுந்தார். “வீட்ல என்னம்மா சமைச்சுப் போடறீங்க? போன தடவைய விட ஏறியிருக்கே!”

அவள் காலையிலிருந்து இரவு வரை சமைத்துப் போடுவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் நம்பவில்லை. நீங்களாவது சொல்லுங்களேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

எல்லாப் பழியையும் பலகைமேல் போட எனக்கும் ஆசைதான். அது ஆடிய ஆட்டம் கொஞ்சமா? ஆனால் டாக்டர் எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அவள் அழுதுவிட்டாள்.

“எதுல தப்பு பண்றன்னே தெரிலங்க. காலைல தோசைக்கல்லுல தடவுற எண்ணெயா இருக்குமோ? அதையும் நிறுத்திடறேன். நான்தான் உங்கள சரியா பாத்துக்கல.”

அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

“சரி, விடு. அழாத. இனிமே ஜாக்கிரதையா சமை” என்றேன். பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தேன்.