பினாங்கு உயிலும் ஆடி அமாவாசையும்

என் மாமியாருக்குத் தன் தகப்பனார் எந்த நாளில் செத்தார் என்று தெரிய வேண்டியிருந்தது. எண்பதைத் தாண்டிய ஒரு மனுஷி மாப்பிள்ளையிடம் கேட்கக்கூடியவற்றில் இது மலிவானது என்றுதான் நினைத்தேன். அத்தை இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மற்ற உறவுக்காரர்கள் நான் எழுதுவதைப் படிப்பதில்லை. என் வாசகர் எண்ணிக்கை எனக்குப் பாதுகாப்பாக அமைந்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அத்தையின் அப்பா அரிமளத்திலிருந்து பினாங்குக்கு மளிகைக் கடை வேலைக்குப் போனவர். அப்போது அத்தை கைக்குழந்தை. இரண்டாம் உலக யுத்தத்தில் கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு எதுவும் இல்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் பொதுவாக ஆடி அமாவாசை இருக்கிறதே, அன்றைக்கு அவருக்கும் சேர்த்து நான்தான் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஆம்பிளை என்று மிஞ்சியது நான் ஒருத்தன்தான். இதைத் தகுதி என்று சொல்ல முடியாது, மிச்சம் என்று சொல்லலாம்.

"நாளு கெழமை இல்லாதவுகளோட எங்கய்யாவையும் வருசா வருசம் வரிசையில நிப்பாட்டுறீங்க மாப்பிள்ளை. நான் கண்ண மூடுறதுக்குள்ள அவருக்குன்னு ஒரு நாளக் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க" என்றார் அத்தை.

"சும்மாதானே செல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க, இதையும் பாருங்களேன்" என்றாள் என் மனைவி. என் இலக்கியப் பணியை அவள் அப்படித்தான் வர்ணிப்பாள்.

அத்தையின் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புருஷன் திரும்பி வராவிட்டாலும் அவர் இருக்கிறார் என்ற கணக்கில் மஞ்சளும் குங்குமமும் தாலியுமாகவே வாழ்ந்து, என் மனைவி கைக்குழந்தையாக இருந்தபோது இறந்தவர். புருஷனுக்கு எள்ளும் தண்ணீரும் என்ற பேச்சே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். அந்த வம்சத்தில் சுமங்கலியாகப் போனவள் வீட்டுத் தெய்வம். கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்புப் போட வேண்டும், அப்புறம்தான் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. என் மகள் கல்யாணம் ஆவணியில். படைப்புச் சேலை எடுத்தாகிவிட்டது.

பினாங்கில் சொத்து வைத்துவிட்டுச் செத்தவர்களின் உயில்கள், கோர்ட்டில் அவற்றை நிரூபித்த காகிதங்கள் எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஊரார் கிரிக்கெட் பார்த்த மாதங்களில் நான் செத்தவர்களைப் பார்த்தேன். ஒரே பெயரில் இத்தனை பேர் நம் பக்கத்திலிருந்து போய்ச் செத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருவர் மூன்று வீடு விட்டுவிட்டுப் போயிருந்தார். அவரே எங்கள் ஆளாக இருக்கட்டும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க மனதார விரும்பினேன். அவர் ஆலங்குடிக்காரர்.

எங்கள் ஆள் கடைசியில் அகப்பட்டார். 'அரிமளம், புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று இருந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்ட செய்தி அதை எழுதிய கோர்ட் குமாஸ்தாவுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பணம் கட்டிக் கேட்டதும் சில வாரங்களில் காகிதங்களின் படம் மின்னஞ்சலில் வந்தது. உயில் சின்னது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கைக்கடிகாரம், கொஞ்சம் சம்பள பாக்கி. எல்லாம் ஊரிலுள்ள மனைவிக்கும் மகளுக்கும். ஆஸ்பத்திரிக்கும் அடக்கத்துக்கும் கொடுத்தது போக மிச்சம் ஒன்றுமில்லை என்று கடை முதலாளி எழுதியிருந்தார். இறந்த தேதி இருந்தது. அப்போது அத்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். படிக்கிற பழக்கம் உள்ளவனுக்குக் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் இருக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் ஒரு தபால் ஒப்புகைச் சீட்டு. புருஷன் இறந்ததைத் தெரிவித்து மனைவிக்கு அனுப்பிய பதிவுத் தபாலை அவர் வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, சாகிற வரைக்கும் தினமும் குங்குமம் வைத்திருக்கிறார்.

ஒரு வாரம், அத்தை இருந்த அரிமளம் பக்கமே போகவில்லை. தேதியை மட்டும் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அத்தைக்குக் கணக்கு வரும். தேதி வந்தால் வருஷம் வரும், வருஷம் வந்தால் அவருடைய ஆத்தாவின் நெற்றி வரும். கடைசியில் பஸ் ஏறிவிட்டேன்.

"தேதி கெடச்சிருச்சா மாப்பிள்ளை? ஒங்க மொகத்தப் பாத்தா, அவரு நேத்துத்தான் செத்தாப்புல இருக்கு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். செல்லில் அந்த ரேகையைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆத்தாளுக்கு எழுத்துத் தெரியாதே. யாரு படிச்சுச் சொல்லிருப்பா?"

"தெரியல அத்தை."

"அப்ப ஊருல இன்னொரு ஆளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதுவும் வாயத் தொறக்காமலே செத்துருக்கு."

செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கல்யாண வீட்டுல தாலித் தட்டச் சுமங்கலிகள்ட்ட நீட்டுவாகள்ல, தொட்டுக் கும்பிட. அவ மட்டும் தொட மாட்டா. தட்டு வருதுன்னா அடுப்படிக்குப் போயிருவா. ஏதாச்சும் சாக்கு. என் கல்யாணத்துலயும் பால் பொங்குதுன்னு ஓடிட்டா மாப்பிள்ளை. பெத்த மக தாலிய ஆத்தா தொடல. ஒங்க மாமா சின்ன வயசுலயே போனாகள்ல, அன்னைக்கு, செத்துப்போனவளாச்சேன்னும் பாக்காம நான் ஆத்தாளத்தான் வஞ்சேன். 'நீ தொட்டுக் குடுத்திருந்தா இப்புடி ஆயிருக்குமா'ன்னு படத்துக்கு முன்னால நின்னு வஞ்சேன். அன்னையிலருந்து மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டேதான் இருக்கேன்."

செல்லை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அந்தத் தேதிய யாருட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

"திதி கொடுக்கணும்னீங்களே அத்தை. அதுக்குத்தானே..."

"தனியாத் திதி குடுத்தா சனம் கேக்கும், எந்த வருசம் செத்தாருன்னு. வருசத்தச் சொன்னா எங்காத்தா முண்டச்சியாப் போயிருவா. அம்புட்டு வருசம் ஒத்தையாக் காப்பாத்துனத நான் ஒரு வாயில அழிக்கவா? வேணாம். அய்யா அமாவாசையிலயே கெடக்கட்டும்."

"படைப்பு..." என்று இழுத்தேன்.

"சேலைதான் எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு."

"அப்பறம் என்ன. காப்பி குடிக்கிறீகளா?"

என் மனைவியிடம் தேதி அகப்படவில்லை என்று சொன்னேன். "நெனச்சேன்" என்றாள்.

ஆடி அமாவாசையன்று குளக்கரையில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் புரோகிதர் இறந்தவரின் பெயரையும் தேதியையும் கேட்டார். பெயரை மட்டும் சொன்னேன். "தேதி தெரியாதா? இப்பத்தான் எல்லாம் நெட்டுலயே கெடைக்குதே சார்."

"தேடிப் பாத்தேங்க. கெடைக்கல."

நீரில் நின்று எள்ளை விட்டேன். வழக்கமாகப் படித்துறையில் என் பக்கத்திலேயே நிற்கும் அத்தை, அந்த வருஷம் காரைவிட்டு இறங்கவில்லை. நான் ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது குளத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"கூட்டமா மாப்பிள்ளை?"

"எப்பவும் போலத்தான் அத்தை."