பரிதாபப்பட்டு வாங்காதே

ஒஹாயோ மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் வெர்னா பாவ்லக் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து நிறையப் பிள்ளைகளை தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். பாம்பு என்று வந்துவிட்டால் மட்டும் வெண்ணெயாய் உருகிவிடுவாள். வீட்டில் பல வருடம் ஒரு சின்ன மலைப்பாம்பு வளர்த்தாள். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கடிக்கக்கூட வெட்கப்படும் ஜாதி. அது போன இலையுதிர்காலத்தில் வயதாகிச் செத்துப்போனது. வரவேற்பறையில் அதன் கண்ணாடித் தொட்டி காலியாகக் கிடந்தது. கணவன் ஆர்லோ அதில் மீன் விடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். மறுபடி சொல்லவில்லை.

மார்ச் மாதம், பூனையின் கழிவுத் தட்டுக்கு மணல் வாங்க நெடுஞ்சாலையோரத்துப் பெரிய செல்லப்பிராணிக் கடைக்குப் போனாள். வாசலில் நாய்க்குட்டிகளுக்குப் பிறந்தநாள் தொப்பி விற்றார்கள். அத்தனை கருணையான கடை. கடைக்கோடி அலமாரியில், சூடு தர வேண்டிய, ஆனால் எரியாத பல்புக்குக் கீழே, அதே ஜாதியில் ஒரு குட்டி மலைப்பாம்பு கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. உரித்த சட்டையில் பாதி உடம்பிலேயே ஒட்டி, கண்களை மூடியிருந்தது. செதில்களுக்கு இடையே மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் உண்ணிகள். தொட்டியின்மேல் ஒரு சீட்டு: ‘புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது.’

கடை மேலாளர் டிரென்ட் வந்தான்.

“என்னம்மா, பிடிச்சிருக்கா?”

“ரொம்ப. இது உசுரோட இருக்கா, இல்ல ரப்பர் பொம்மையா?”

“அது அப்படித்தாம்மா இருக்கும். சோம்பேறிப் பாம்பு.”

“தண்ணி கிண்ணமும் சோம்பேறியா தம்பி? ஊறவே மாட்டேங்குதே.”

டிரென்ட் சிரித்தான். புரிந்து சிரித்தானா, சம்பளத்துக்குச் சிரித்தானா தெரியவில்லை. “வாங்கிட்டுப் போங்க, உங்க வீட்ல நல்லா இருக்கும். தள்ளுபடியும் தர்றேன்” என்றான்.

வெர்னாவின் கை பைக்குள் போய்விட்டது. அங்கேயே நின்றுவிட்டது. அவள் இருந்த பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் வேதம் மாதிரி ஒரு விதி உண்டு: பரிதாபப்பட்டு வாங்காதே. நீ ஒன்றை வாங்கினால், ‘அட, விற்கிறதே’ என்று கடை இன்னொன்றை அதே தொட்டியில் போடும். சங்கத் தலைவர் லைல் ஹோஸ்டெட்லர் மேசையைத் தட்டித் தட்டி இதைச் சொல்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். கேட்டுக் கேட்டு மேசைக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

பூனை மணலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஆர்லோ கேட்டான்: “ஏன் உருளைக்கிழங்க இப்படி குத்துற? அது என்ன பண்ணிச்சு?”

நடந்ததைச் சொன்னாள்.

“வாங்கிடேன்.”

“வாங்கினா அவன் இன்னொண்ணு வாங்கி வைப்பான்யா.”

“அப்ப வாங்காத.”

“வாங்கலைன்னா இது செத்துரும்.”

“அம்மா தாயே, நான் என்ன சொன்னாலும் தப்புதான். அந்தக் குழம்பையாவது இப்படித் தள்ளு.”

மறுநாள் பிராணிகளைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்மணி மிகவும் பொறுப்பாகக் கேட்டாள்: “குரைக்குதா?”

“பாம்புங்க.”

“கட்டிப் போட்டிருக்காங்களா?”

“எதை வச்சுக் கட்டுறது?”

நாய் வழக்குகளே மலைபோலக் குவிந்திருப்பதாகவும், பாம்புக்கு யாராவது நேரம் ஒதுக்கும்போது தெரிவிப்பதாகவும் அந்தப் பெண்மணி சொன்னாள். இன்றுவரை யாரும் ஒதுக்கவில்லை.

பேருந்தைக் கொட்டகையில் விட்டபின் வெர்னா தினமும் கடைக்குப் போனாள். பல்பு எரியவில்லை, கிண்ணம் நிறையவில்லை. பாம்பின் முதுகெலும்பு மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகத் தெரிந்தது. சனிக்கிழமை காலை படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டாள். விதியாவது மண்ணாங்கட்டியாவது. பின்சீட்டில் பாம்பைப் போட்டுவரத் துணிப்பையும், அது குளிராமலிருக்க வெந்நீர்ப் புட்டியும் வைத்துக்கொண்டு, திருடப் போகிறவள் மாதிரி வண்டியை ஓட்டினாள். சங்கத்தார் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே!

கடையில் தொட்டி காலி.

“நேத்தே வித்துப்போச்சும்மா. தொப்பி போட்ட பெரியவர். நரைச்ச மீசை. பரிதாபமா இருக்குன்னு வாங்கிட்டுப் போனாரு” என்றான் டிரென்ட்.

வெர்னாவுக்கு அந்த மீசை தெரியும். நேராக லைல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்த தலைவர் கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

“உள்ள துணி துவைச்சிட்டிருக்கேன் வெர்னா.”

“துணிக்கு உண்ணி இருக்கா லைல்?”

தலைவர் கதவை முழுவதுமாகத் திறந்தார். துணி துவைக்கும் அறையில், வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டிக்குள் பாம்பு கிடந்தது. ஒரு கண் திறந்திருந்தது.

“திட்டுறதுன்னா திட்டிரு” என்றார் அவர். “என்னைப் பாத்துச்சு. அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எப்படிப் பாத்துச்சோ, பாத்துச்சு.”

வெர்னா திட்டவில்லை. தன் பின்சீட்டில் இருந்த துணிப்பையைப் பற்றியும் சொல்லவில்லை. மண்டியிட்டு, ஈரத் துணியால் பழைய சட்டையை மெல்லத் துடைத்து எடுக்க உதவினாள். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சம் அழுதாள். சந்தோஷமா பொறாமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

விதி பொய்க்கவில்லை. அடுத்த வாரம் அதே தொட்டியில், அதே எரியாத பல்புக்குக் கீழே, இரண்டு பாம்புகள். பழைய உண்ணிகள் புது விருந்தாளிகளை வரவேற்கத் தயாராக இருந்தன.

இந்தமுறை வெர்னா பையைத் தொடவே இல்லை. தொட்டியருகே நின்றுகொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம், பேருந்தின் பின்சீட்டுவரை கேட்கிற அந்தக் குரலில் விளக்கம் கொடுத்தாள். “வாங்க, வாங்க, பயப்படாதீங்க. இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் உண்ணி. அதுக்குத் தனியாக் காசு கேக்க மாட்டாங்க. தம்பி நல்லவரு.” தினமும் வந்தாள். நாய்க்குத் தொப்பி வாங்க வந்தவர்கள் தொப்பியை வைத்துவிட்டுப் போனார்கள்.

டிரென்ட் கெஞ்சினான். மிரட்டினான். போலீசைக் கூப்பிடுவேன் என்றான். “கூப்பிடு தம்பி. அவரு பிள்ளைங்க என் பஸ்ஸுலதான் வருது. அவருக்கும் காட்டுறேன்” என்றாள்.

கடைசியில் ஒருநாள் இரண்டு பாம்புகளையும் அட்டைப் பெட்டியில் போட்டு அவள் கையில் திணித்தான். “காசே வேணாம். எடுத்துட்டுப் போங்க. தயவுசெஞ்சு திரும்பி வராதீங்க.”

கடைக் கணக்கில் அவை விற்கவில்லை, நஷ்டம் என்று கழித்துவிடப்பட்டன. அதனால் மேலிடம் மறுபடி பாம்பு அனுப்பவில்லை. இரண்டில் சிறியது ஒரு வாரத்தில் செத்தது. வெர்னா அதைக் கொல்லையில் புதைத்தாள். ஆர்லோ குழி வெட்டிக் கொடுத்தான். மற்றது பிழைத்து, கோடையில் முதல்முறையாக முழுச் சட்டையை ஒரே துண்டாக உரித்துப் போட்டது. ஆர்லோ அதைத் தூக்கிக்கொண்டு போய் அண்டை வீட்டாரிடமெல்லாம் காட்டினான், தானே உரித்த மாதிரி.

கடையில் அந்தத் தொட்டிக்கு இப்போது சங்கைச் சுமந்து திரியும் நண்டுகள் வந்திருக்கின்றன. பல்பு இன்னும் எரியவில்லை என்று லைல் தகவல் கொண்டுவந்தார். நூலகத்தில் நண்டு வளர்ப்புப் புத்தகம் ஒன்றுதான் இருந்ததாம். அதை வெர்னா எடுத்துப் போயிருக்கிறாள்.