தம்பியின் லேப்டாப்பில் எடுத்த டிக்

எங்கள் அண்ணனைத் தெருவில் எல்லாரும் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். வீட்டு பிளான் வரைகிற தொழிலால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. உண்மையில் அது அவருடைய சந்தேகத்துக்கு வைத்த பெயர். பால் பாக்கெட் லேசாக இருந்தால் கடைக்காரர் மேல் சந்தேகம், கனமாக இருந்தால் தேதி மேல் சந்தேகம். அண்ணி அவரிடம் முதல் முறை சிரித்துப் பேசியபோது, "எதுக்குச் சிரிக்கிறா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் அதற்குச் சரியான பதில் வரவில்லை என்கிறார்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, நடுவில் பிறந்த பெண்ணான எனக்குப் பதினாலு, தம்பிக்கு ஒன்பது. ஒரு கட்டிட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து அண்ணன்தான் எங்களைக் கரையேற்றினார். அங்கே இவர் ராப்பகலாக வரைந்த படங்களில் மேலே இருந்தவர் தன் பேரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்துத்தான் இவருக்கே அது தெரிந்தது. அண்ணன் புத்தி அப்படி ஆனது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் கூடவே பரிதாபமும் வந்து தொலைக்கும்.

பிறகு சொந்த ஆபீஸ். மாடியில் ஒரே அறை. ஜன்னலோரம் அண்ணன் வரைவார், கதவோரம் நான் அனுமதிக் காகிதங்களைப் பார்ப்பேன். தம்பி சைட்டில் நின்று மேஸ்திரியிடம் வேலை வாங்குவான். படங்களெல்லாம் இன்டர்நெட்டில், கிளவுடில் ஒரே கணக்கில் இருந்தன. ஆபீஸ் கம்ப்யூட்டர், அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர், தம்பியின் லேப்டாப், எதில் போட்டாலும் மற்ற இரண்டிலும் தானாக வந்துவிடும். தம்பியின் லேப்டாப்பில் இடம் கம்மி. அதனால் எந்தெந்த ஃபோல்டர் தன் மெஷினில் வரவேண்டும் என்று காட்டுகிற பட்டியலை அவன் திறந்து, கட்டி முடித்த வீடுகளுக்கு எதிரே இருந்த டிக்கையெல்லாம் எடுத்துவிட்டான். டிக் எடுத்தால் அந்த ஒரு மெஷினில் மட்டும் ஃபோல்டர் இருக்காது, மற்றதிலெல்லாம் பத்திரமாக இருக்கும்.

ஒருநாள் தம்பி கை கழுவப் போன நேரத்தில் அண்ணன் அந்த லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டார்.

"நாப்பது வீட்டுப் படத்தைக் காணோம். அழிச்சுட்டான்."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாற்பதும் இருப்பதைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப வேணும்னே பொறுக்கியிருக்கான். இப்ப வேலை நடக்கிற வீடு மட்டும் அவன்கிட்ட இருக்கு. அந்த ஆளுங்களை இழுத்துக்கிட்டுத் தனியாப் போகப் போறான்."

"இடம் பத்தலைண்ணே, அவ்வளவுதான்."

"நீ அவனுக்கு வக்காலத்து வாங்காதே."

அண்ணனுக்கு இருந்த பெரிய பயமே அதுதான், தம்பி பிரிந்து போய்விடுவான் என்பது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் வேவு பார்ப்பதிலேயே காலத்தை ஓட்டினார். தம்பி போனில் மெதுவாகப் பேசினால் இவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டு, அவன் காலடியில் தேடுவார். ஒரே நாளில் நாலு முறை பேனா விழுந்தது.

அடுத்த வாரம் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டார். பெயர் 'பழைய கரண்ட் பில்'. திருத்திய படங்களை இனி அதில்தான் வைப்பார். தம்பிக்கு வேண்டியதைத் தானே தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு படத்துக்கும் அவன் வந்து நிற்கவேண்டும், அதுதான் திட்டம். "இது அவன் மெஷின்ல வராமப் பண்ணிடு" என்றார் என்னிடம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். நச்சரிப்புத் தாங்காமல், தம்பி சாப்பிடப் போயிருந்தபோது அவன் லேப்டாப்பைத் திறந்து அந்த டிக்கை எடுத்தேன். ரெண்டு நொடி வேலை.

அப்போது மூலை மனையில் டீச்சர் ஒருவருக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கார் உள்ளே வர வழி வேண்டும் என்று டீச்சர் போனில் சொல்ல, அண்ணன் முன்பக்கத்து பில்லர் இரண்டை மூன்றடி தள்ளி வரைந்தார். திருத்திய படம் 'பழைய கரண்ட் பில்'லுக்குப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் தம்பி கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான். "அண்ணே, டீச்சர் வீட்டுக்கு என்கிட்ட இருக்கிறதுதானே கடைசிப் படம்?"

அண்ணன் நிமிர்ந்தார். "எதுக்குக் கேக்கறே?"

தம்பி அவரையே பார்த்தான். பிறகு, "சும்மாதான்" என்று இறங்கிப் போய்விட்டான்.

அன்று முழுக்க அண்ணன், அவன் ஏன் கேட்டான் என்பதிலேயே மூழ்கிக் கிடந்தார். தாளில் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று.

வியாழக்கிழமை மேஸ்திரி போன் செய்தார். கார் வருகிற வழிக்கு நட்டநடுவே இரண்டு பில்லர், கான்கிரீட் போட்டு இறுகியும் விட்டது. நாங்கள் போனபோது டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த பில்லர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இது யாரு தப்பு?"

அண்ணன் டேப்பை எடுத்து வழியை அளக்க ஆரம்பித்தார். தம்பி முன்னால் வந்தான். "என் தப்புதான் டீச்சர். பழைய படத்தை வச்சு வேலை வாங்கிட்டேன். இடிச்சுட்டு சரியாப் போட்டுத் தர்றோம்." வெயிலில் அரைமணி நேரம் டீச்சர் திட்டியதை அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

ஆபீசுக்குத் திரும்பி வருகிற வழியில் அண்ணன் என் காதருகே குனிந்தார். "எதுக்குப் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டான்? டீச்சர்கிட்ட நல்ல பேர் எடுக்கவா?"

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்றேன். வாழ்க்கையில் முதல் முறை அவரிடம் குரலை உயர்த்தினேன்.

மாடிக்கு வந்ததும் தம்பி லேப்டாப்பை அண்ணன் மேஜையில் வைத்துப் பட்டியலைத் திறந்தான். எல்லா ஃபோல்டரின் பெயரும் வரிசையாக நின்றன. 'பழைய கரண்ட் பில்'லும் நின்றது, எதிரே டிக் இல்லாமல். டிக்கை எடுத்தால் படம் வராது, பெயர் அங்கேயேதான் இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"போன மாசம் மறுபடியும் இடம் பத்தலைன்னு இதைத் திறந்தப்பவே பார்த்தேன்ணே" என்றான். "நம்ம ஆபீஸ்ல கரண்ட் பில் கட்டறதே நான்தான். எனக்குத் தெரியாம என்ன பில்லு?"

"அப்ப ஏண்டா டிக் போட்டுப் பாக்கலை?" என்றார் அண்ணன்.

"எனக்குக் காட்ட வேணாம்னு நீங்க வச்சதை நான் எப்படிப் பாப்பேன்? அதனாலதான் வாய்விட்டுக் கேட்டேன். 'எதுக்குக் கேக்கறே?'ன்னீங்க."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சைட் சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். அந்த ரெண்டு பில்லரையும் சரி செய்து கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். குரலில் கோபமே இல்லை. கத்தியிருந்தால் சமாதானம் பேசி நிறுத்தியிருக்கலாம். கதவுவரை போனவன் என் மேஜையருகே நின்றான்.

"அண்ணனுக்கு இந்தப் பட்டியல் எங்க திறக்குதுன்னே தெரியாதுக்கா. டிக்கை எடுத்தது நீதானே?"

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.