மஞ்சள் பையில் போன புளியமரத்துச் செடி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. நர்சரியில் செடிகளுக்கு நான் எழுதிச் செருகும் பெயர்ச் சீட்டுகளைப் படித்துக் காலேஜ் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்போது நான் குழாயைத் திருகுவது போலக் குனிந்துகொள்வேன். வருகிறவர்களிடம் பேசுவதெல்லாம் என் மனைவிதான்.

ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் என்னைத் தேடி வந்துவிடும். எல்லார் வீட்டிலும் இல்லாத செடியாக, வீட்டில் வைத்து வளர்க்க உங்களுக்குப் பிடித்தது எது என்பார்கள். ஆந்தூரியத்தைக் காட்டுவேன். நிழலில் வையுங்கள், வேரில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போடுங்கள் என்பேன். வேறு ஏதாவது என்று கேட்டால் குழாயைத் திருகப் போய்விடுவேன். அந்த இன்னொரு செடி என்னிடம் இருந்தது இரண்டரை நாள்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் போகிற ரோட்டோரத்தில் எங்கள் வீடு இருந்தது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அப்பா கரும்பாலையில் லோடு ஏற்றுகிறவர். வீட்டில் அவரும் அம்மாவும் நானும் அப்பாவின் தம்பியான சித்தப்பாவும். ஓட்டு வீடு, முன்னால் ஓலைச் சார்ப்பு. அந்தச் சார்ப்பின் கீழே ஒரு ஆள் உட்கார இடம் கிடையாது. எல்லாம் அம்மாவின் செடிகள். நசுங்கிய எண்ணெய் டின்களில் குரோட்டன்ஸ், ஓட்டைக் குடத்தில் மருள், உடைந்த சர்பத் பாட்டிலில் மணி பிளான்ட், இலையைப் பிய்த்துப் போட்டால் அதன் ஓரத்திலேயே குட்டி போடும் ரணகள்ளி. ஒன்றிலும் காயும் கிடையாது, கறிக்கும் ஆகாது. கத்தரி வைத்தால் குழம்புக்காவது ஆகும் என்று அப்பா வாரம் ஒரு முறை சொல்வார். அம்மா ஆமாம் ஆமாம் என்பாள். அடுத்த வாரம் இன்னொரு டின் சேர்ந்திருக்கும்.

அவற்றில் ஒன்றுகூடக் கேட்டு வாங்கியது இல்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு வழக்கம். கேட்டு வாங்கிய செடி தழையாது, தெரியாமல் கிள்ளி வந்ததுதான் வேர் பிடிக்கும் என்பார்கள். அதனால் வேலியோரம் ஒருத்தி வந்து நின்று செடியையே பார்த்துக்கொண்டிருந்தால், மனசுள்ள வீட்டுக்காரி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விடுவாள். வந்தவள் ஒரு இணுக்கைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போன பிறகுதான் வெளியே வருவாள். இருவருக்கும் எல்லாம் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளமாட்டார்கள்.

அம்மா இப்படிக் கிள்ளி வருகிற இடங்களில் போலீஸ் குடியிருப்பும் ஒன்று. அங்கே ஒரு ஏட்டு இருந்தார். மாற்றலாகிப் போன ஊரிலிருந்தெல்லாம் ஒவ்வொரு செடியோடு திரும்பி வந்தவர். சந்தைக்குப் போகும்போது அம்மா அவர் வேலியோரம் நிற்பாள். அவர் படியில் உட்கார்ந்து பெல்ட் வில்லையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மாவைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு துடைப்பார். எங்கள் வீட்டுப் பிகோனியா அப்படி வந்ததுதான். ஏற்காட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஆந்தூரியத்தில் மட்டும் அம்மா கை வைத்ததில்லை. ஒன்றே ஒன்று இருந்ததால் பாவம் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அந்த இருவரும் பேசி நான் பார்த்தது கிடையாது.

அம்மாவின் கைக்கு எட்டாத செடி ஒன்று உண்டு. எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் பெரிய புளியமரம் இருந்தது. மூன்று ஆள் உயரத்தில், ஒரு கிளையின் கவட்டில், மண்ணே இல்லாமல் அது ஒட்டிக்கொண்டிருந்தது. வார் வாராக இலை, வெள்ளை வெளேரென்று தடித்த வேர். பூ மஞ்சளும் பழுப்பும் கட்டம் போட்டிருக்கும், நடுவில் ஒரு நாக்கு மட்டும் ஊதா. பூத்தால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்து, என்ன வாசனை இது என்று கேட்பார்கள். இன்று என் நர்சரியில் அந்த ஜாதிக்கு ஆர்க்கிட் என்று சீட்டு வைக்கிறேன். அன்று அதற்குப் பெயர் கிடையாது. புளியமரத்துச் செடி, அவ்வளவுதான். அம்மா பஸ்ஸுக்கு நிற்கும்போது பஸ் வரும் திசையைப் பார்க்கமாட்டாள், அதைத்தான் பார்ப்பாள்.

அந்த வருடம் புரட்டாசி பிறக்கும் சமயத்தில் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ரோட்டை மறித்தார்கள். எனக்கு ஒன்பது வயது. பஸ் ஓடவில்லை. அப்பா ஆலையிலேயே மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் திறக்கவில்லை. பால் வண்டியும் வராததால் ஊரில் எல்லா வீட்டிலும் வரக்காப்பிதான். எனக்கு மோர் இல்லாமல் சோறு இறங்காது. தினமும் தட்டின் முன் அழுது அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

சித்தப்பா அந்த நாட்களில் வீட்டில் தங்கவில்லை. அவர் ஐ.டி.ஐ. முடித்தவர். எங்கள் வகையறாவில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். சர்க்கார் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்து டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. பெயரில் கேஸ் ஒன்று விழுந்தால் அந்தக் கடிதம் அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று அம்மா அவரிடம் சொன்னாள். அவர், வேலை கேட்டுத்தானே அண்ணி ரோட்டுக்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. ஊரே போய் நின்று பார்த்தது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் வருகிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் கலைந்தார்கள். நான் ஒரு கிளைக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கே செடி தலைகீழாகக் கிடந்தது. ஒரு ஆடு அதன் பூவைத் தின்றுகொண்டிருந்தது. ஆட்டை விரட்டிவிட்டு, பட்டையோடு சேர்த்துப் பிய்த்து எடுத்து, சட்டையைக் கழற்றிச் சுற்றி, வாய்க்கால் வழியாக வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா சட்டையைப் பிரித்தாள். வேரில் ஒட்டியிருந்த பட்டையை விரலால் தடவினாள். பிறகு கேட்டாள்.

"யார்னா பாத்தாங்களா?"

"இல்லம்மா. யாரையும் கேக்காமதான் எடுத்தேன்."

அவள் சிரித்தாள். உடைந்த சட்டியில் கரித்துண்டு போட்டு, தேங்காய் நாரால் செடியைக் கட்டி, சார்ப்பின் கொக்கியில் மாட்டினாள். அன்று அடுப்பு மூட்டவே நேரமாகிவிட்டது. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, எந்தப் பக்கம் வெயில் படும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊர் முழுக்க ஒரு கஷ்டத்தில் இருந்தபோது எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா நெருப்பு வாங்க வந்தாள். கொக்கியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாக்கா, பஸ் ஸ்டாப்பு மரத்தயே வூட்டுக்குத் தூக்கிக்கினு வந்துட்ட?"

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குக் காரணம் அக்காவுக்கு அதன்மேல் இருந்த கண் என்று நினைத்தேன்.

மறுநாள் பேச்சு வந்தது. மரத்தை வெட்டியது யார் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. அதனால் எந்த வீட்டில் அந்த மரத்தின் கிளை கிடக்கிறதோ அந்த வீட்டு ஆம்பளையை ஜீப்பில் ஏற்றுகிறார்களாம். அடுத்த ஊரில் விறகுக்கு இழுத்துப் போன இரண்டு பேரை ஏற்றிவிட்டார்களாம். எங்கள் தெருவில் எல்லாரும் விறகைக் கொண்டுபோய் ஏரியில் தள்ளினார்கள். அம்மாவும் செடியைக் கழற்றினாள். கொல்லைப்பக்கம் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினாள். மூன்று முறை இப்படி நடந்தது. சித்தப்பா வீட்டில் இல்லை, அவர் எங்கே என்று கேட்டால் சொல்லவும் முடியாது. இதோடு இந்தச் செடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் அவளால் அதை ஏரியில் போட முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அந்த ஏட்டு சைக்கிளில் வந்தார். தனியாகத்தான் வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுச் சார்ப்பின் கீழே குனிந்து நுழைந்தார். தன் வீட்டுப் பிகோனியாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தார்.

"ஏம்மா, இது எந்தூருச் செடி?"

"மலையிலேர்ந்து வந்ததுங்க. எங்கண்ணன் வெள்ளிமலையில கீறாரு. அவரு குடுத்தது."

"மலையிலயும் புளியமரத்துலதான் ஒட்டுமா? வேர்ல பட்ட கீதே."

அம்மா தரையைப் பார்த்தாள். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கொடியில் சித்தப்பாவின் பேண்ட் தொங்கியது.

"தம்பி எங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பின்னால ஜீப்பு வந்துகினு கீது. வெயிலு ஜாஸ்திம்மா. குடிக்க எதுனா கீதா?"

அம்மா முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மோரு தரட்டுங்களா?"

"நேரமாவுமா?"

"கொஞ்சம் ஆவுங்க."

"ஆவட்டும்" என்றார் ஏட்டு.

அம்மா உள்ளே போனாள். அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த மஞ்சள் பையை எடுத்து உதறினார். கொக்கியிலிருந்து சட்டியை இறக்கினார். தொங்கிய வேர்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கி, ஒன்றும் முறியாமல் பைக்குள் வைத்தார். பழக்கப்பட்ட திருடன் என்று நினைத்தேன். நான் கத்தினேன். அம்மா, செடிய எடுத்துக்கினு போறாரு, செடிய எடுத்துக்கினு போறாரு என்று தொண்டை கிழியக் கத்தினேன். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. அவர் பையை ஹேண்டில்பாரில் மாட்டி, ஊருக்குள் போகாமல் வாய்க்கால் பாதையில் சைக்கிளை மிதித்தார். அதன் பிறகுதான் அம்மா சொம்போடு வந்தாள். வெறும் கொக்கியைப் பார்த்தாள். சொம்பை என் கையில் கொடுத்து, குடி என்றாள். அழுது அழுது விக்கல் எடுத்ததால் ஒரே மூச்சில் குடித்தேன்.

சற்று நேரத்தில் ஜீப் வந்தது. இறங்கியவர்கள் வீட்டைச் சுற்றினார்கள், டின்களை லத்தியால் தட்டினார்கள், இதெல்லாம் இன்னா குப்ப என்று ஒருவர் கேட்டார். எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் நின்று வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஏதோ கேட்டார்கள். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஜீப் போய்விட்டது.

நான் ஒரு கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவரில் 'ஏட்டு திருடன்' என்று பெரியதாக எழுதினேன். என் வாழ்நாளில் பிழையில்லாமல் எழுதிய இரண்டு சொற்கள் அவைதான் என்று நினைக்கிறேன். அம்மா ஈரத்துணியால் அதைத் தேய்த்துத் தேய்த்து அழித்துவிட்டு என்னை அடித்தாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்தது கிடையாது. செடியைப் பறிகொடுத்தவனை அடிக்கிறாளே என்று, அவரோடு சேர்த்து அவள்மேலும் எனக்கு ஆத்திரம்.

பஸ் ஓடத் தொடங்கிய பிறகு அம்மாவோடு சந்தைக்குப் போனேன். போலீஸ் குடியிருப்பு வேலியருகே அவள் நின்றாள். நான் உள்ளே கண்ணை ஓட்டினேன். புளியமரத்துச் செடி எங்கேயும் இல்லை. ஏட்டு படியில் உட்கார்ந்து பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அம்மா எதையும் கிள்ளவில்லை, வெறுமனே நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியில் நுழைந்து ஆந்தூரியத்தின் பக்கக் கன்றை வேரோடு பிடுங்கி டவுசர் பையில் திணித்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரரையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு வெகுநாள் பெருமை. இன்று என் நர்சரியில் இருக்கும் ஆந்தூரியம் எல்லாம் அந்தக் கன்றின் வம்சம்.

சித்தப்பா பத்து நாள் கழித்து மலையிலிருந்து இறங்கி வந்தார். நேர்காணலுக்குப் போனார். வேலையும் கிடைத்தது. போன வருடம்தான் ஓய்வு பெற்றார். அந்த மரத்தில் அவர் கை பட்டதா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஏட்டு அடுத்த வருடமே மாற்றலாகிப் போனார். அந்தச் செடியை ஏதாவது ஒரு மரத்தில் கட்டினாரா, ஆற்றில் விட்டாரா, தெரியாது. அம்மா கடைசிவரை அந்தக் கொக்கியில் வேறு செடி மாட்டவில்லை. நானும் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. எங்கள் வீட்டில் எல்லாருமே கூச்சப்படுகிறவர்கள்.

போன வாரம் என் மனைவி யாருக்கோ மோர் கொடுக்க உள்ளே போய், மோர் இல்லை என்று தண்ணீரோடு திரும்பி வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நான், கையிலிருந்த பெயர்ச் சீட்டைக் கீழே வைத்தேன். அம்மா மோர் தரட்டுமா என்று கேட்டதும் எனக்கு நினைவிருந்தது. அவள் கொடுத்த சொம்பில் நான் குடித்தது தண்ணீர் என்பதும் நினைவிருந்தது. பால் வண்டி வராத அந்த வாரம் முழுக்க மோருக்காக அழுதவனே நான்தான். இத்தனை வருடமும் இவற்றை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

எழுதி முடித்தது, ஆவணி மாதம் மூன்றாம் ஞாயிறு. மழை பெய்வதால் நர்சரிக்கு ஆள் வரவில்லை.