ரோஸ்லின் அனுமதித்த கேள்விகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆபீசில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது ரோஸ்லினுடைய தம்பி போன் செய்தான். "முத்துக்கனியக்கா, அக்கா போயிட்டா" என்றான். எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்தால் மட்டும் என்ன, போட்ட கம்ப்யூட்டரை அணைக்காமலே எழுந்து ஓடினேன். அவளோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தீர்கள். அங்கே என்னைப் பேசச் சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவளும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டுகளுக்குப் ப்ரோகிராம் எழுதுவது எங்கள் பிழைப்பு. அவள் கடற்கரைக்காரி, நான் சாயர்புரத்துப் பலசரக்குக் கடைக்காரர் மகள். மத்தியானம் என் டப்பாவில் உரிமையோடு கைவைப்பாள். தன் மனசை மட்டும் பூட்டியே வைத்திருப்பாள்.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய ப்ரோகிராமில், எந்த அடுக்கில் எந்தக் கன்டெய்னர் என்ற லிஸ்டை எல்லா ஸ்கிரீனுக்கும் அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் எடுக்கிற ஸ்கிரீன், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அந்த லிஸ்டை நம்பர் வரிசைப்படி மாற்றிவிட்டது. மாற்றியது நகலை இல்லை, அசலை. அடியில் கிடந்த கன்டெய்னர் ஸ்கிரீனில் உச்சிக்கு வந்துவிட்டது. அதை நம்பிக் கிரேன் போனது. ஏற்றுமதித் துணி இருந்த கன்டெய்னர் அடியிலேயே மாட்டிக்கொள்ள, கப்பல் போய்விட்டது. சரக்குக்காரர் வாசலில் நின்று போட்ட சத்தம் உங்களுக்கும் மறந்திருக்காது.

அதற்குப் பிறகு ரோஸ்லின் ப்ரோகிராமில் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதி, அந்தக் கிளாசுக்கு 'அடுக்கு' என்றே பெயர் வைத்தாள். லிஸ்டை உள்ளே பூட்டினாள். மற்ற ஸ்கிரீன்கள் அதனிடம் கேட்க வெளியே விட்டது மூன்றே மூன்று மெத்தட், அதாவது மூன்று கட்டளைகள். மேலே வை, மேலே இருப்பதை எடு, மேலே இருப்பது எது என்று சொல். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, லிஸ்ட்டுன்னா எத்தன வசதி இருக்கு! நடுவுல உள்ளத எடுக்க ஒண்ணு போட்டா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்றார்.

"கிரேனால முடியாதத நம்ம ப்ரோகிராம் எப்படி சார் செய்யும்? நடுவுல உள்ளது வேணும்னா மேல உள்ளத எறக்கிட்டுத்தான் எடுக்கணும்" என்றாள். குரலை உயர்த்தாமல் சொல்வாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நானும் மல்லுக்கட்டினேன். "பின்னால தேவைப்படும்ளா" என்றேன். "கேக்க ஆள் வரட்டும், சேர்ப்போம். சேர்க்கது லேசு. சேர்த்தத எடுக்க முடியாதுளா, அதுக்குள்ள நாலு பேரு அத நம்பியிருப்பான்" என்றாள். பிறகு ஒருநாள் யார்டு கேட்டில் இருப்பவர்கள் வந்தார்கள். எந்த அடுக்கில் இடம் இருக்கிறது என்று தெரியாமல் லாரிகளை வெயிலில் நிறுத்தி வைக்கிறோம் என்றார்கள். அன்று சாயங்காலமே 'இடம் இருக்கிறதா' என்ற நான்காவது மெத்தடை எழுதிவிட்டாள். எனக்கு அசையாதவள் அவர்களுக்கு அசைந்தாளே என்று நான் முறைத்தேன். "இப்பம் தேவைப்படுதுல்லா" என்றாள்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோதும் அதே குணம்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் தோண்டித் துருவினார்கள். நானும்தான். ஒருநாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏளா, ஒனக்கு மூணு கேள்விதான். சாப்பிட்டியா, வலிக்கா, நாளைக்கு வரட்டா. மத்ததெல்லாம் உள்ளயே இருக்கட்டும்."

"நான் என்ன ரிப்போர்ட் ஸ்கிரீனா?" என்று கேட்டேன். சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலம் முழுக்க அந்த மூன்றையும் கேட்டேன். கஞ்சி. கொஞ்சம். வா. இவ்வளவுதான் பதில். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது ஆத்திரமாக வரும். இத்தனை வருடம் கூடவே இருந்தும் என்னை வெளியில் நிறுத்திவிட்டாளே! சாகப்போகிறவள்மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வரும். அவள் கூப்பிட்டால் உள்ளே போக நான் காத்துக்கிடந்தேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பூசைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றையும் கேட்டேன். நாளைக்கு வரட்டா என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஏளா, பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"இது உள்ள உள்ளதாச்சே" என்றாள்.

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ரொம்பப் பயமா இருக்குளா" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதையும் சேர்த்துக்க. தேவைப்படுது" என்றாள்.

மறுநாள் போய் நான்கையும் கேட்டேன். "நேத்து அளவுக்கு இல்ல" என்றாள். அதற்கு மறுநாள்தான் அந்த போன்.

'அடுக்கு' இன்றும் யார்டில் ஓடுகிறது. நான் இருக்கும்வரை அதில் தேவையில்லாமல் யாரையும் கைவைக்க விடமாட்டேன். ஆனால் அது கம்பெனியுடையது. எனக்கென்று அவள் விட்டுப்போனது அந்த நான்காவது கேள்விதான். காலையில் அவள் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது அது வாய்வரை வந்துவிடுகிறது. பதில் சொல்ல ஆள் இல்லை. சேர்த்ததை எடுக்க முடியாது என்று அவள்தானே சொன்னாள்.