'நான்' என்றே சொல்ல வேண்டும்

ஃபுஜைராவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் நான் தமிழ், அரபி மொழிபெயர்ப்பாளர். அங்கே ஒரு நீதிபதியின் அறைக்குள் போகுமுன் வக்கீல்கள் அங்கியை இரண்டு தரம் சரிபார்த்துக்கொள்வார்கள். அவருக்குப் பிடிக்காதவை ஏராளம். நீட்டி முழக்கக் கூடாது. எழுதிக் கொடுத்ததையே திரும்பப் படிக்கக் கூடாது. கட்சிக்காரரிடம் கண்ஜாடை காட்டினால் அன்றைக்கு அந்த வக்கீலின் பேச்சு அவ்வளவுதான். வாதத்தின் சாரத்தைக் கட்சிக்காரர் தன் மொழியில் கேட்ட பிறகே நீதிபதி அதை ஏற்றுக்கொள்வார். எனக்கும் ஒரு கட்டளை உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.

வீண் கெடுபிடி என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு கல்குவாரி விபத்து வழக்கு வந்தது. பாறை அள்ளும் வண்டியைப் பின்னால் எடுத்தபோது கூட வேலை பார்த்தவர் சக்கரத்தில் சிக்கி இறந்துவிட்டார். ஓட்டியவர் சிவகங்கைப் பக்கத்து ஆள். கம்பெனி அமர்த்திய வக்கீல், நீதிபதிக்குப் பிடித்த மாதிரியே, சுருக்கமாகப் பேசினார். இறந்தவர் போனைப் பார்த்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் வந்தாராம். தவறு முழுக்க அவருடையதாம்.

அதைத் தமிழில் சொன்னேன். கூண்டில் நின்றவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பொய்யிக்கா! அவரு கையில போனே இல்ல. நாந்தான் திரும்பிப் பாக்காம எடுத்துட்டேன். செத்தது என் தங்கச்சி புருஷன். விசா எடுத்து இங்க கூட்டியாந்ததே நாந்தான். நானே கொன்னுட்டேங்க்கா!"

இறந்தவர் அவருக்கு என்ன உறவு என்பது அந்த அறையில் அதுவரை வேறு யாருக்குமே தெரியாது.

"சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். 'நானே கொன்றுவிட்டேன்' என்று என் குரலிலேயே அரபியில் கேட்டது. எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார், கூண்டை அல்ல.

நீதிபதி வக்கீலிடம் திரும்பினார். "இவரை நீங்கள் எப்போது சந்தித்தீர்கள்?"

"இப்போதுதான், ஐயா."

"இங்கேயா?"

நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். ஒரு மனிதருக்காக வாதாட வந்தவர், அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்திருக்கிறார்!

அடுத்த விசாரணைக்கு வேறொரு வக்கீல் வந்தார். கேம்பில் அவரோடு தங்கியிருந்த தொழிலாளர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். இவர் சிறைக்கே போய் உட்கார்ந்து பேசியிருக்கிறார். வண்டி பின்னால் வரும்போது அலற வேண்டிய ஹாரன் பல நாளாக வேலை செய்யவில்லை. ஓட்டியவர் ஃபோர்மேனிடம் சொன்னதற்கு, "மாஃபி முஷ்கிலா, யல்லா", ஒன்றும் பிரச்சினையில்லை, கிளம்பு என்று அவர் வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார். நீதிபதி ஃபோர்மேனையும் வழக்கில் சேர்க்க உத்தரவிட்டார்.

இறந்தவரின் குடும்பம் மன்னித்தால் அங்கே தண்டனை குறையும்; தீர்ப்புக்கு முன் அவர் மனைவியிடம் வீடியோவில் அதைக் கேட்டார்கள். திரையில் ஒரு சின்னப் பெண், நெற்றி வெறுமையாக. அண்ணனை அவள் பார்க்கவே இல்லை.

"எங்கண்ணன ஜெயில்ல போட வேணாங்கய்யா. நான் மன்னிச்சிட்டேன்."

கூண்டில் நின்றவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். எனக்கும் மூச்சு வந்தது. அரபியில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா என் வாசப்படிய அவரு மிதிக்கக் கூடாது. என் புள்ள கண்ணுல படக் கூடாது. இதையும் சொல்லிருங்க."

அதையும் சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

அண்ணனை அபராதத்தோடு விட்டார்கள், ஃபோர்மேனுக்குச் சிறை. அண்ணன் அபுதாபிப் பக்கம் ருவைஸில் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். லீவு கொடுத்தும் ஊருக்குப் போகவில்லையாம்.